காலி வண்டியின் எடை

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐந்து புள்ளி எட்டு. இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் யாரும் வேறு மாதிரி சொல்லக் கூடாது.

மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையில் எனக்கு வந்த எண் அது. ஆறரையைத் தொட்டால்தான் சர்க்கரை நோய். போன வாரம் மரகதம் பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி வந்து என் விரலைக் குத்தினாள். இருநூற்று முப்பது என்று காட்டியது. அன்று மதியம் கல்யாண வீட்டில் சாப்பிட்டிருந்தேன், விரலில் ஜிலேபிப் பாகு ஒட்டியிருக்கும் என்று சொன்னேன். கட்டிய மனைவி கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு லேபுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நூற்று நாற்பத்தெட்டு. அதுவும் ஒரு குத்துதான். முந்தின இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் ரோட்டில் எடைமேடை ஓட்டுகிறேன். ஒரு தடவை நிறுத்திய எடையை வைத்து ஒரு லாரிக்காரனைத் திருடன் என்று நான் சொன்னதில்லை. காற்றடித்தால் கூட எடை ஆடும். சராசரிதான் சாட்சி.

எட்டாவதோடு நின்றவன் நான். ஆனால் என் ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இந்தத் தெருவில் எவனுக்கும் தெரியாது. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்று ஒரு புரதம் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது உதிராது. அணு நான்கு மாதம் வாழும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் போன மூன்று மாதத்துக் கணக்கு வந்துவிடும். ஜிலேபிப் பாகு அதை ஏமாற்ற முடியாது.

மரகதத்திடம் இதைச் சொன்னேன். "அப்புறம் எதுக்குங்க ராத்திரி நாலு தடவ எந்திரிக்கறீங்க?" என்றாள். வயசானால் எழுந்திருக்கத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

பழனியிலிருந்து ரிஸ்வானா பேசினாள். செப்டம்பர் இரண்டாம் வாரம் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுப்பார்களாம். முதல் பிரசவத்தில் நிறைய ரத்தம் போய், என் ரத்தத்தை ஏற்றிப் பிழைத்த பெண். இந்தத் தடவை இரண்டு பாட்டில் கையில் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பெரியத்தா, நீங்க வருவீங்கள்ல?" என்றாள். பெரியப்பாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வராமல்? அவளுக்கும் எனக்கும் ஒரே ரத்தம். பாம்பே வகை. சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றுதான் காட்டும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் ஆள் பிழைக்க மாட்டான். எங்களுக்கு எங்கள் வகை ரத்தம்தான் சேரும். பதினாயிரம் பேரில் ஒருவனுக்கு இருந்தால் அதிகம். திண்டுக்கல் ரத்த வங்கியின் கணக்கில் இந்தப் பக்கத்துக்கு நான் ஒருவன்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். நான் ஒரு தடவையும் விட்டதில்லை. திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் என்று கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போயிருக்கிறேன். அதற்காகவே தினமும் முருங்கைக்கீரை, இரும்புச்சத்து மாத்திரை. ஊறியதும் கொடுப்பேன். கொடுத்ததும் ஊறும்.

அறுபத்தைந்து முடிந்தால் வாங்க மாட்டார்கள். எனக்குத் தை மாதம் முடிகிறது. இது கடைசித் தடவையாக இருக்கலாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ரத்த வங்கிக்குப் புதிதாக வந்த டாக்டர், என் அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டார். அம்மாவுக்கு அப்பா தாய்மாமன் என்றேன். அப்படியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் இதே ரத்தம் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, உடனே கூட்டி வாருங்கள், தெரியாமல் யாராவது ஓ ரத்தத்தை ஏற்றிவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்.

கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்றேன். அதற்குக் காரணம் உண்டு. இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். நானே பிரித்துப் பூட்டினேன். மிச்சமாக ஒரு வாஷர் கையில் நிற்கிறது. மோட்டார் ஓடுகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாசலிலிருந்து அடுப்படி வரை சிவப்பாகத் தடம் இருக்கிறது என்று மரகதம் கத்தினாள். குங்குமம் கொட்டிவிட்டதோ என்று நினைத்தேன். என் காலடித்தடம். எடைமேடைத் தகட்டின் போல்ட் முனை செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? வேலையில் இருந்தேன். வேலையில் இருப்பவனுக்கு வலி தெரியாது.

அவள் விடாமல் கேட்டாள். செருப்பு மட்டமான செருப்பு என்று சொல்லி முடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

புண் ஆறவில்லை. டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். பெயர் யாழ்மொழி. உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒரு நைலான் நரம்பால் தொட்டாராம். தொட்டாராம் என்று எழுதுகிறேன். மரகதம் சொல்லித்தான் தெரியும்.

வெறும் வயிற்றில் மறுபடி பார்த்தார். நூற்று ஐம்பத்தாறு. சர்க்கரை நோய் என்று பேனாவை எடுத்தார். நான் ஐந்து புள்ளி எட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஹீமோகுளோபின், ஒட்டும் சர்க்கரை, நான்கு மாதம், எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். நல்லாப் படிச்சிருக்கீங்க ஐயா என்றார். அந்த மாதிரிப் பாராட்டு எனக்குத் தேவையில்லை.

பிறகு கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். சட்டைப் பையில் செருகியிருந்த ரத்ததான பேட்ஜைப் பார்த்துவிட்டார். மே மாதக் கடைசி என்றேன். அதற்கு முன்னால்? பிப்ரவரி. அதற்கு முன்னால்? நவம்பர். பேனாவைக் கீழே வைத்தார்.

"நாலு மாசம் வாழுற அணுவுலதான் ஐயா அந்தக் கணக்கு. நீங்க வயசான அணுவையெல்லாம் குடுத்துட்டு, புதுசு ஊற வெச்சுக்கிட்டே இருக்கீங்க. உங்க ரத்தத்துக்கு வயசே ஆகல. சர்க்கரை ஒட்ட நேரம் எங்க இருக்கு?"

வேறொரு பரிசோதனை உண்டாம். பெயர் பிரக்டோசமைன். சிவப்பணுவை விட்டுவிட்டு, ரத்த நீரில் மிதக்கும் அல்புமின் போன்ற புரதங்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. இரண்டு மூன்று வாரத்துக் கணக்கு வரும். ரத்தம் கொடுத்தது அதை அவ்வளவாகப் பாதிக்காது. எடுத்துவிடலாமா என்றார்.

எடுத்து, நோய் என்று வந்தால், செப்டம்பரில் ரத்தம் கொடுக்க விடுவார்களா என்று கேட்டேன். மாத்திரையில் கட்டுப்பட்டால் பின்னால் பார்க்கலாம், இப்போது இந்தச் சர்க்கரையோடும் காலில் இந்தப் புண்ணோடும் யாரும் வாங்க மாட்டார்கள் என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். செருப்பைப் போட மறந்து படியிறங்கியிருக்கிறேன். மரகதம் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மரகதம் பேசவில்லை. நானும் பேசவில்லை. கேழ்வரகுக் களி.

ஆகஸ்ட் 27, புதன்

சின்ன வெங்காயம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. கேரளாவுக்குப் போகிற வண்டி. முழு எடை போட்டாயிற்று. காலி எடைக்குப் போன வாரச் சீட்டையே போட்டுக்கொள்ளச் சொன்னான் டிரைவர். அதே வண்டி, அதே நம்பர் என்றான். முடியாது என்றேன். சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியை மறுபடி மேடையில் ஏற்று என்றேன்.

"பெருசு, ஒன்னோட ரோதன பெரிய ரோதன. வண்டி என்ன ராத்திரியோட ராத்திரியா எளச்சா போயிரும்?"

இளைக்கும். ஸ்டெப்னியைக் கழற்றியிருப்பான், தார்ப்பாயை மாற்றியிருப்பான், பலகையைத் தூக்கிவிட்டுத் தகடு அடித்திருப்பான். காலி எடை தப்பானால் சரக்கு எடையும் தப்பு. மெஷின் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தப்பு. இதை அவனுக்குச் சத்தமாகவே சொன்னேன். மார்க்கெட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் திட்டிக்கொண்டே போன பிறகு நான் மேடைமேல் கொஞ்ச நேரம் நின்றேன். ஐந்து புள்ளி எட்டு என்று எழுதியவன், நான்கு மாதம் ஓடிய ரத்தம் என்று எண்ணித்தானே எழுதினான்? என் வண்டியின் பலகை மாறியது அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த டாக்டர் பெண் இதைப் புரியும்படி சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

போய்க் கையை நீட்டினேன். மரகதத்திடம் சொல்லவில்லை. லேபுக்காரன் மாதிரியைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும் என்றான். அனுப்பு என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

பிரக்டோசமைன் நானூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று எண்பத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரத்த வங்கியில் ஜெபராணி என்று ஒரு பெண். கொடையாளிகளைக் கூப்பிடுவது அவள் வேலை. இன்று காலை கூப்பிட்டாள். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: புண், எண், எல்லாம். வேறு எவனாவது சொல்லி அவளுக்குத் தெரிந்தால் எனக்குக் கேவலம்.

ஒரு பாட்டில் பெங்களூரிலிருந்து வருகிறதாம். இன்னொன்றுக்கு என்னைத்தான் நம்பியிருந்தார்களாம். மும்பைக்குக் கேட்டிருக்கிறாள். அங்கேயும் ஆள் ஊரில் இல்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. திரும்பவும் கேக்குறேன். பெரியப்பா மக்க, சித்தப்பா மக்க, யாராச்சும்?"

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். மத்தியானம் ரிஸ்வானா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடைமேடையில் கூட்டம். எடுக்க முடியவில்லை.

கூட்டம் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

எழுதிவிடுகிறேன். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பெயர் பாவாத்தாள். கள்ளிமந்தையத்தில் இருக்கிறாள். பஸ்ஸில் போகிற தூரம். பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

அவள் மகள் கல்யாணத்தில் மணப்பெண் நெற்றியில் பட்டம் கட்டும் சீர் தாய்மாமனான எனக்கு உரியது. அன்று விடிகாலையில் மதுரையில் ஒரு விபத்துக் கேஸ். கூப்பிட்டார்கள். போனேன். கொடுத்தேன். ஜூஸ் கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். மண்டபத்துக்குள் நுழையும்போது எங்கள் பெரியப்பா மகன் என் இடத்தில் நின்று பட்டம் கட்டி முடித்துவிட்டான். கையில் பஞ்சோடு அத்தனை பேர் முன்னால் நின்றேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டு வந்தவனுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க முடியவில்லை. சாப்பிடாமல் திரும்பினேன். தப்பு யார் மேல்?

நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. மரகதத்தை விட்டு விசாரித்தேன். ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை என்று சொன்னார்கள். அதனால் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

கள்ளிமந்தையம் போனேன். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். பால்காரன் வண்டி நின்ற வாசல்தான் வீடு என்று தெரிந்தது. பழைய ஓட்டைப் பிரித்துத் தார்சு போட்டிருக்கிறார்கள். எனக்கு யார் சொல்வார்கள்?

அவள் கணவர் சென்னியப்பன் கட்டுத்தறியில் நின்றார். பார்த்ததும் கையிலிருந்த சோளத்தட்டைக் கட்டைக் கீழே போட்டுவிட்டார். "என்னங் மச்சான், பஸ்சு மாறி ஏறிட்டீங்களா?" என்றார். அவருக்கு எப்போதும் இந்தக் கிண்டல்தான்.

பாவாத்தாள் வெளியே வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க" என்றாள். அண்ணா என்று சேர்க்கவில்லை. நாற்காலியைக் கொண்டு வந்து போட்டாள். தான் நின்றாள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். பழனிப் பெண், பிரசவம், ஒரு பாட்டில் குறைகிறது, இது எப்படிப்பட்ட ரத்தம், கூடப்பிறந்தவர்களுக்கு எப்படி வரும், நான் ஏன் கொடுக்க முடியாது. சர்க்கரை என்ற வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அங்கேதான் முதல் தடவை. அவள் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். பேசத்தான் செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

"சீரு நடத்தற அருமைக்காரரு மூணு தடவ கேட்டாரு. என்ற புள்ள மணவறைல உக்காந்துட்டு வாசலையே பாத்துட்டு இருந்தா. மாமன் வரட்டும், மாமன் வரட்டும்னா. முகூர்த்தம் போயிருச்சுன்னா அவளுக்கு யாருங் பதில் சொல்றது? நீங்க ஊருக்கே நல்லது செய்யப் போயிட்டீங்க. நாங்க கெட்டவங்க ஆயிட்டம்."

நான் பதில் சொல்லியிருப்பேன். பதினோரு வருடமாகத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவள் முகம் மாறியது. எதையோ கூட்டிப் பார்ப்பவள் போல் நின்றாள்.

"எனக்கு வயித்துல ஆபரேசன் ஆச்சு. ஓ பாசிட்டிவுன்னு எழுதி, ரத்தம் தயாரா வெச்சிருக்கம், வேணும்னா ஏத்திக்குவம்னு சொன்னாங்க. அப்ப உங்களுக்கு இது தெரியுமா?"

நான் தண்ணீர் கேட்டேன். சொம்பு நிறையக் கொண்டு வந்தாள். குடித்து முடித்தேன். அங்கேயே நின்றாள். இன்னொரு சொம்பு கேட்டேன். அதையும் குடித்தேன்.

"எத்தன சொம்பு குடிச்சாலும் நான் கேட்டது அங்கயேதானுங் இருக்கும்," என்றாள்.

சென்னியப்பன் மாட்டைப் பார்ப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து நடந்தேன். தெருமுனை வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவள் குரல்.

"அந்தப் புள்ளைக்கு எப்ப நாள் குறிச்சிருக்காங்க?"

செப்டம்பர் 8, திங்கள்

திண்டுக்கல். அவளும் சென்னியப்பனும் தனியாக வந்தார்கள். நானும் மரகதமும் தனியாகப் போனோம். மரகதம் அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். மரகதம் அழுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

முதலில் ஓ என்றுதான் வந்தது. பிறகு டாக்டர் வேறு மருந்துகளை வைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து வந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதே ரத்தம். ஹீமோகுளோபினும் போதுமாக இருந்தது, மயிரிழையில்.

நான்கில் ஒரு பங்குதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன் இத்தனை நாளும். மூன்று பங்கு இல்லை என்பதற்கு இருந்தது.

ஜெபராணி என்னிடம் வந்தாள். "கூடப்பிறந்தவங்க யாருமில்லன்னு அடிச்சுச் சொன்னீங்களேய்யா?" என்றாள். நான் சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த பாவாத்தாள்தான் பதில் சொன்னாள்.

"பேசாம இருந்தமுங்க. இப்பவும் முழுசாப் பேசல."

ஊசியைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்ன வயதிலும் அப்படித்தான். அம்மை ஊசிக்கு வந்தவர்களைப் பார்த்து மக்காச்சோளக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவள். பந்தை அழுத்து, கையை மடக்காதே என்று சொன்னேன். அழுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் ஜூஸ் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, தனக்கென்று கொடுத்த ரத்த வகை அட்டையை இரண்டு தடவை படித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாத்திரை போட ஆரம்பித்தேன். மரகதத்துக்காக.

செப்டம்பர் 12, வெள்ளி

பெண் குழந்தை. ஒரு பாட்டில் ஏற்றினார்களாம். எந்தப் பாட்டில் என்று கேட்கவில்லை. ரிஸ்வானாவின் அம்மா பேசினார். என் ரத்தம் என்று நினைத்துத் துவா செய்துகொண்டிருக்கிறார்கள். இல்லை, கொடுத்தது என் தங்கை என்றேன்.

உங்களுக்குத் தங்கை இருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

புண் ஓரத்தில் தோல் கூடுகிறது. நேற்று டாக்டர் யாழ்மொழி கட்டை மாற்றினார். ஜனவரிக்கு முன்னால் அந்த மூன்று மாதப் பரிசோதனையை எடுக்க வேண்டாம் என்றார். இனி ரத்தம் கொடுக்கப் போவதில்லை அல்லவா, சிவப்பணுக்கள் எனக்குள்ளேயே முழு ஆயுளும் இருந்து சாகட்டும், அப்போது வருகிற எண்ணை நம்பலாம் என்றார். இருபது வருடத்துக்கு மேல் அவை எனக்குள் கிழடானதே இல்லை. இனி எல்லோருக்கும் போல எனக்கும் கணக்கு ஒட்டும்.

நேற்று ஜெபராணியும் கூப்பிட்டாள். பழக்க தோஷத்தில் என் நம்பரைப் போட்டுவிட்டாளாம். சேலத்தில் ஒருவருக்கு நவம்பர் கடைசியில் ஆபரேஷன், இதே ரத்தம் வேண்டும். உங்க தங்கச்சியம்மா நம்பர் குடுங்கய்யா, அதற்குள் பெண்களுக்கான நான்கு மாதம் ஆகிவிடுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்றாள். ஆகாது, ஜனவரி ஆகிவிடும் என்றேன். ஆனாலும் நம்பரைக் கொடுத்தேன். எனக்கு மனப்பாடம். பதினோரு வருடத்தில் அவள் நம்பரை மாற்றவில்லை.

விடிகாலையில் கூப்பிடாதே என்றும் சொன்னேன். எருமைக்கும் மாட்டுக்கும் தீனி வைத்து, பால் பீய்ச்சி, வண்டிக்கு ஊற்றிவிட்டு அவள் உட்காரவே எட்டு மணி ஆகும். அதற்குமேல் பேசு, எடுப்பாள் என்றேன்.

அன்று பாவாத்தாள் கேட்ட கேள்விக்குத் தெரியும் என்பது ஒரு வார்த்தைப் பதில். அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் எதற்கு என்று மரகதம் கேட்கிறாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

காலை மணி எட்டே கால். பால் வண்டி போயிருக்கும்.